ஓடிற் வகுப்பில் எடுத்த புள்ளியை மருத்துவ விண்ணப்பத்தில் எழுதியது குறித்து

அனுப்புபவர்:
செல்வி யோகராணி விநாயகமூர்த்தி,
லோரன்ஸ் அவெனியூ கிழக்கு,
வெக்ஸ்போர்ட், ஸ்காபரோ.

பெறுபவர்:
பதிவாளர் அவர்கள்,
கல்லூரி மாலைநேரக் கல்விப் பிரிவு,
ரொறன்ரோ.

விடயம்: பொய்த் தகவல் கொடுத்ததாக என்னை விசாரணைக்கு அழைத்துள்ளமை பற்றியும், அந்தக் குற்றச்சாட்டை நீக்கித் தரும்படியும்.

மதிப்புக்குரிய ஐயா,

தங்கள் கடிதம் கிடைத்தது. நான் ஆங்கிலத்தில் எழுதக்கூடியவள்தான். ஆனால் இந்தப் பதிலை ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தபோதெல்லாம், விளக்கமாகத் தொடங்கியது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகவே போய் முடிந்தது. எழுதி எழுதிக் கிழித்தேன். ஆகவே தமிழில் எழுதுகிறேன். சமூக நிலையத்தின் மொழிபெயர்ப்பாளர் திரு. அருள்நாயகம் இதை ஆங்கிலமாக்கி இத்துடன் இணைப்பார்.

1. நான் யாழ்ப்பாணத்தில் மருத்துவபீட மாணவியாக இருந்தவள். இரண்டாம் வருடத்தில் சண்டை மூண்டதால் படிப்பை விட்டு வெளியேறினேன். கனடா என்னை அகதியாக ஏற்றுக்கொண்டது. நிரந்தர வதிவிடப் பத்திரம் மட்டும் இன்னும் கைக்கு வரவில்லை. இங்குள்ள மருத்துவக் கல்லூரிகள் கேட்கும் பாடங்களைத் தங்கள் கல்லூரியில் ஒவ்வொன்றாகப் படித்து முடித்தேன். உயிர் இரசாயனவியல் ஒன்றுதான் மிச்சம்.

2. சென்ற வருடம் அந்த வகுப்புக்குப் பதிய வந்தபோது இடம் நிரம்பிவிட்டது என்றார்கள். வேண்டுமானால் ஓடிற் மாணவியாக, அதாவது முறைப்படி பதியாமல், இருந்து கேட்டுவிட்டுப் போகலாம் என்று தங்கள் அலுவலகத்தில் இருந்த பெண்மணி சொன்னார். இது மருத்துவக் கல்லூரி விண்ணப்பத்துக்கு உதவுமா என்று கேட்டேன். நிச்சயம் உதவும் என்றார். எப்படி உதவும் என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இது என் முதலாவது முறைப்பாடு.

3. தவணை முழுவதும் ஒரு வகுப்பும் தவறாமல் வந்தேன். பனி கொட்டி பஸ் நின்ற நாளில் வார்டன் அவெனியூவில் இருந்து நடந்தே வந்தேன். தவணை முடிவில் சோதனை வந்தபோது நானும் எழுதலாமா என்று பேராசிரியரிடம் கேட்டேன். அவர் மற்றவர்களுக்குக் கொடுத்த அதே வினாத்தாளை எனக்கும் கொடுத்தார், அதே கண்டிப்போடு திருத்தி எண்பத்திரண்டு புள்ளி போட்டார். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அது தங்களுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரியும். என்றாலும் என் கையால் எழுத மனம் வரவில்லை. அவருக்கு இதனால் ஒரு கரைச்சலும் வரக்கூடாது.

4. இனி நான் செய்த பிழை. எங்கள் ஊரில் பாடசாலைகள் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும். பிள்ளைகள் நாங்கள் ஏதாவதொரு ரியூற்றறிக் கொட்டிலில், அதாவது தனியார் வகுப்பில், பெயர் பதிந்தோ பதியாமலோ, பின்வரிசை வாங்கில் நெருக்கியடித்து இருந்து படிப்போம். பிறகு தனிப்பட்ட பரீட்சார்த்தியாகச் சோதனை எழுதுவோம். எங்கே இருந்து படித்தாய் என்று எவரும் கேட்பதில்லை. சோதனையில் எடுத்த புள்ளி எடுத்தவருடைய புள்ளி. நான் அப்படித்தான் மருத்துவபீடத்துக்கே போனேன். ஆகவே விண்ணப்பத்தில் புள்ளி எழுதும் இடத்தில் எண்பத்திரண்டு என்று எழுதினேன். மருத்துவக் கல்லூரி அதைச் சரிபார்க்கத் தங்களுக்கு அனுப்பியது. ஓடிற் மாணவியின் புள்ளி கல்லூரிப் பதிவில் ஏறாது என்பதும், பதிவில் ஏறாத புள்ளி இங்கே புள்ளியே அல்ல என்பதும் தங்கள் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தெரியும்.

5. ஐயா, தங்கள் கடிதத்தில் 'பொய்த் தகவல்' என்று இருக்கிறது. தீர்ப்பை முதலில் எழுதிவிட்டு விளக்கத்தைப் பிறகு கேட்டிருக்கிறீர்கள். இது என் இரண்டாவது முறைப்பாடு. வதிவிடப் பத்திரத்துக்கான படிவத்திலும் இதே கேள்வி உண்டு. எப்போதாவது பொய்த் தகவல் கொடுத்திருக்கிறீர்களா என்பதற்கு இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தங்கள் கடிதத்தின் பிரதி குடிவரவு அலுவலகத்துக்குப் போனால் அந்த 'இல்லை' என்னவாகும்? என்னைத் திருப்பி அனுப்புவார்களா? இதை யாரிடம் கேட்பதென்றே தெரியாமல் இருக்கிறேன். கேட்டால் கேட்டவரே எழுதிப் போட்டுவிடுவாரோ என்று பயம்.

6. நான் வாடகைக்கு இருக்கும் வீட்டு இராஜேஸ்வரி அன்ரி, "பிள்ளை, இது கனடா. கூப்பிட்டுக் கதைப்பினம், பிறகு விட்டிடுவினம். நீ ஏன் சும்மா நடுங்கிறாய்?" என்கிறார். அவர் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் ஊரில் எங்கள் பெரியண்ணாவையும் ஒரு சின்ன விசாரணை, போய்விட்டு வரலாம் என்றுதான் கூட்டிக்கொண்டு போனார்கள். அவர் வரவே இல்லை. தங்கள் அலுவலகத்தை அவர்களோடு ஒப்பிடுவதாகத் தயவுசெய்து நினைக்க வேண்டாம். 'விசாரணை' என்ற சொல்லைக் கடிதத்தில் கண்டதில் இருந்து தபால்பெட்டியைத் திறக்கவும் இப்போது அன்ரியைத்தான் அனுப்புகிறேன்.

7. நான் அந்தப் புள்ளியைத் தரும்படி கேட்கவில்லை. மருத்துவ விண்ணப்பத்தை நானே மீளப் பெற்றுக்கொள்கிறேன். தெரியாமல் செய்த பிழை என்று, என் பெயருக்குத் தாங்கள் வைத்திருக்கும் கோவையில் ஒரு வரி எழுதி, 'பொய்' என்ற சொல்லை எடுத்துவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். எனக்கு அந்தப் பாடம் தெரியுமா என்று சந்தேகம் இருந்தால், தாங்கள் விரும்பும் அறையில், விரும்பும் ஆளைக் காவலுக்கு வைத்து, மறுபடி சோதனை வையுங்கள். அத்தோடு, ஓடிற் வகுப்பினால் மருத்துவ விண்ணப்பத்துக்கு என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத் தங்கள் அலுவலகத்தில் எழுதி ஒட்டுங்கள். இந்த வருடமும் எங்கள் ஆட்கள் சிலர் என்னைப் போலவே நம்பிக்கொண்டு பின்வரிசையில் இருக்கிறார்கள்.

8. கடைசியாக ஒன்று. அந்தப் பாடத்தின் இரண்டாம் பகுதி இப்போது நடக்கிறது. அதற்கும் நான் ஓடிற் மாணவிதான். சென்ற புதன்கிழமை வந்தேன். உள்ளே கால் வைத்தால் அதுவும் ஒரு குற்றமாகிவிடுமோ என்று வகுப்பு வாசலிலேயே நின்றுவிட்டேன். பேராசிரியர் என்னைக் கண்டார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டுப் போய்ப் பாடத்தைத் தொடங்கினார். நான் கொஞ்ச நேரம் நின்று கேட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன்.

இதனால் எனக்கு ஒரு புள்ளியும் கிடைக்காது என்பதை இப்போது நன்றாக அறிவேன். விசாரணையில் எந்த முடிவு எடுத்தாலும் அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். அதற்கு முன்பு, வரும் புதன்கிழமை நான் உள்ளே போய் இருக்கலாமா என்பதை மட்டும் அறியத்தரும்படி மிகத் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் பதிலுக்குக் காத்தும் பயந்தும் இருக்கும்,

(ஒப்பம்)
வி. யோகராணி

இடம்: ஸ்காபரோ
திகதி: 03.02.1997