முன்சக்கரத்துச் சத்தம்

ஆடி மாதம், வியாழன் இரவு

படுத்தால் முன்சக்கரம்தான் கண்ணில் வருகிறது.

ஆடி பிறந்ததும், கண் படாமலிருக்க, காரின் முன்னால் மணி கோத்த கறுப்புக் கயிற்றை மனைவி கட்டினாள். அந்தக் காரில்தான் மகள் ஏற்காட்டுப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போய்வருகிறாள். “ஏனுங்கப்பா, முன்னாடி கடகடங்குதுங்க” என்று போன வாரமே சொன்னாள். “மணிதான் சாமி, வேறொன்னுமில்ல” என்றேன்.

இன்று ஆயில் மாற்றப் போனபோது மெக்கானிக் கயிற்றை அவிழ்த்துவிட்டு ஓட்டிப் பார்த்தார். சத்தம் நிற்கவில்லை. ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தை ஆட்டினார். “சக்கரத்தைப் புடிச்சிருக்கற பால் ஜாயிண்ட் தேஞ்சு போச்சுங்க. மலை எறக்கத்துல கழண்டிருந்தா சக்கரமே மடங்கியிருக்கும்” என்றார். புதிது போட்டாயிற்று. சத்தமும் போய்விட்டது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்: “கயிறு எங்கீங்க? நாளைக்குப் புள்ள மலைக்குப் போவோணுமல்ல.”

நடந்ததை அவளிடம் சொல்லவில்லை. கயிற்றைக் கட்டினால் அடுத்த சத்தமும் மணிச் சத்தத்தில் மறைந்துபோகும். கட்டாமல் அனுப்பவும் மனம் துணியவில்லை. அவள் தூங்கியதும் மணிகளுக்குள் பஞ்சைத் திணித்துக் கட்டிவிட்டு வந்தேன்.

பஞ்சடைத்த மணிக்குத் திருஷ்டி போகுமா என்று யாரைக் கேட்பது.