அண்ணன் தரையிறங்கும் வரை

மதினி,

இன்று காலை உங்கள் பேரன் சிங்கப்பூர் விமானம் பிடிக்கத் திருச்சிக்குக் கிளம்பினான். கார் தெருமுனை திரும்புவதற்குள் என் மருமகள் விளக்குமாற்றைக் கையில் எடுத்துவிட்டாள். ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இப்போதெல்லாம் நாலு மணி நேரப் பறப்புதானே, இதற்கு ஏன் இந்தக் கூத்து என்று சிரிக்கிறாள். அவள் உங்களைப் பார்த்ததில்லை. விளக்குமாற்றைப் பக்கத்தில் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன்.

ஊருக்குப் போன ஆள் போய் இறங்கும் வரை வீடு பெருக்கக் கூடாது என்பது நம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் உள்ள வழக்கம்தான். மற்றவர்கள் ஆலங்குடி பஸ் புதுக்கோட்டை போகிற நேரம் பொறுப்பார்கள். நீங்களோ, அண்ணன் நாகப்பட்டினத்தில் முதன்முதலாகக் கப்பலேறியபோது ஒரு வாரம் யாரையும் விளக்குமாற்றைத் தொடவிடவில்லை! வீடு கிடந்த கிடப்புக்கு அம்மா உங்களைப் பேசாத பேச்சில்லை.

அதனால்தான், அறுபதுகளின் தொடக்கத்தில், லீவு முடிந்து அண்ணன் விமானத்தில் திரும்பப் போகிறார் என்றதும் நமக்குக் கால் தரையில் பாவவில்லை. சென்னையிலிருந்து சிங்கப்பூருக்கு ஆயிரத்து எண்ணூறு மைலாம். கப்பலுக்கு ஒரு வாரம், இதற்கு ஒரு பகல் கூட வேண்டாமாம். காலையில் ஏறினால் சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே இறங்கிவிடுவேன் என்று சொல்லிவிட்டுச் சென்னைக்கு ரயிலேறினார்.

மறுநாள் அவர் பறந்துகொண்டிருக்கும்போதா அந்தச் சேதி வரவேண்டும்! விளக்கு வைக்கும் நேரத்துக்கு என்னைப் பெண் பார்க்க வருகிறார்களாம். வீடெல்லாம் விதைக்கு உடைத்த கடலைத் தொலி. ஆறு மணி வரை பெருக்கக் கூடாது, விளக்கு வைத்த பிறகும் பெருக்கக் கூடாது. அம்மா குதிக்கிறார். நீங்கள் விளக்குமாற்றை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு நின்றீர்கள்.

"ஒங்க மகளப் பாக்க யாரு வேணா வரட்டும் அத்தை. எனக்கு ஒத்த ஆளு, வானத்துல இருக்காக."

அம்மா பாயை விரித்துத் தொலியை மூடப் பார்த்தார். எனக்கோ அழுகை. மாப்பிள்ளையைப் புதுக்கோட்டையில் ஒரு கல்யாண வீட்டில் பார்த்திருந்தேன், பிடித்தும் போயிருந்தது. இந்தக் குப்பையைப் பார்த்தால் அவர்கள் என்ன நினைப்பார்கள்?

கடிகாரம் நாலரையைத் தாண்டியது. கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருந்தவளுக்குச் சட்டென்று பொறி தட்டியது. பள்ளிக்கூடத்தில் படித்த அந்தக் காலக் கணக்குதான். சோப்பு முகத்தோடு ஓடி வந்தேன்.

"மதினி, அண்ணன் சொன்னது அந்த ஊரு ஆறு மணி. அங்கிட்டு மணி நமக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடி ஓடும். அவுகளுக்கு ஆறுன்னா நமக்கு நாலுதான்."

"அப்ப எறங்கிட்டாகளா?"

"எறங்கி அரைமணி நேரமாச்சு."

என்னைக் கட்டிக்கொண்டு அழுதீர்கள், சிரித்தீர்கள். பிறகு விளக்குமாற்றோடு வீட்டுக்குள் பாய்ந்தீர்களே, அப்பப்பா! நானும் முறத்தோடு பின்னால் ஓடினேன். அவர்கள் வாசலுக்கு வந்தபோதும் தூசி அடங்கவில்லை. என் மாமியார் தும்மிக்கொண்டேதான் உள்ளே வந்தார். சகுனம் பார்க்காத நல்ல மனுஷி. அடுத்த நாள் அண்ணனின் தந்தியும் வந்தது, அந்த வாரமே பரிசமும் போட்டார்கள்.

நீங்கள் போன அன்று, உங்களை எடுத்துக்கொண்டு போனதுமே வீட்டைக் கழுவிவிடத் தண்ணீரோடு வந்து நின்றார்கள். நான் விளக்குமாற்றைக் கொடுக்கவில்லை. கொஞ்சம் பொறுங்கள் என்றேன். எவ்வளவு நேரம் என்று கேட்டார்கள். எனக்கு எப்படித் தெரியும்? அந்த ஊர் மணி நமக்கு எவ்வளவு முன்னால் ஓடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தரவில்லையே, மதினி.