பலாச்சாயத்தில் நான் காணாத ஒளி

2024 ஜூன் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 4.40
கல்முனை

இல. 1: துத்தநாகக் கரைசல் பற்றிய எனது குறிப்பைத் திருத்துதல்

கபுறுக்குழியில் இளைப்பாறும் என் அன்பு மச்சான் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மௌத்தாகி நாளையுடன் பதினொரு மாதங்கள் நிறைகின்றன. உங்கள் மனைவி, என் தங்கை, நலம். முழங்கால் வலி மட்டும் குறையவில்லை.

சென்ற செவ்வாய் அவள் உங்கள் அலுமாரியை ஒதுக்கியபோது, நாம் கற்பித்த பாடசாலையின் ஆய்வுகூடத் தாளொன்று கிடைத்தது. மேலே உங்கள் எழுத்து: மரக்காலையில் அறுத்த பலாமரத்தின் தூளில் இறக்கிய மஞ்சள் சாயத்துடன், வயலுக்கு இடும் துத்தநாக உப்பை மழைநீரில் கரைத்துச் சேர்த்தால், புறஊதா விளக்கின் கீழ் பச்சை ஒளி. கீழே, பகுதித் தலைவனாகிய எனது சிவப்பு மை: “ஒளி இல்லை. பதிவு பொய்யானது.” அந்த வரியால் பாடசாலைக் கண்காட்சியிலிருந்து உங்கள் மேசை அகற்றப்பட்டது.

“காக்கா, இவர் பொய் செல்ற மனிசனா? பேரப்புள்ளயள் வாசிச்சா நான் என்ன செல்லுற?” என்று தமையனாகிய என்னிடம் கேட்டாள்.

“சோதனைக் குழாய மூணு தரம் கழுவித்தான் செஞ்சு பார்த்த, புள்ள.”

“என்ன தண்ணியில?”

“பாடசாலைக் கிணத்துத் தண்ணி.”

“அந்தக் கிணத்திலயா? வெள்ளைச் சேட்டு நனைச்சா செங்கல் நிறத்தில வரும். தொழ முந்தி ஒளுவுக்கு மூணு தரம் கழுவினாச் சரி காக்கா, இதுக்குமா?”

இன்று ஜும்ஆத் தொழுகைக்குப் பின், கடையில் கள்ளக் காசுத்தாள் பார்க்கும் ஊதாவிளக்கை இரவல் வாங்கி, தங்கை மாரியில் பிடித்துவைத்த மழைநீரில் அச்சோதனையைச் செய்தேன். 2.25க்குப் பச்சை ஒளி தோன்றியது. அதில் கிணற்று நீரை ஊற்றினேன், மங்கி அணைந்தது. தனித்து நிற்கும் சாயம் வாங்கிய ஒளியை வெப்பமாகச் சிந்திவிடுகிறது. துத்தநாகம் இறுகப் பற்றினால் ஒளியாகவே திருப்பித் தருகிறது. கிணற்று நீரிலுள்ள இரும்பும் பற்றும், ஆனால் ஒளியை விழுங்கிவிடும். இதைப் பிறருக்குக் கற்பித்தவன் நான்.

“ஓம், இதே பச்சைதான்,” என்றாள் தங்கை. “அப்பவே எனக்குக் குசினியில காட்டினாரே.”

“ஏன் என்னிடம் சொல்லல்ல?”

“நீங்க எங்க கேட்டீங்க?”

நீங்களும் ஏன் வாதிடவில்லை? நான் பகுதித் தலைவன் என்பதாலா, மச்சான் என்பதாலா?

சிவப்பு வரியைக் கோடிட்டு வெட்டி, இன்றைய திகதியிட்டு ஒப்பமிட்டுள்ளேன். பேரப்பிள்ளைகளுக்கு அந்தத் தாளை நானே வாசித்துக் காட்டுவேன், இன்ஷா அல்லாஹ். எனக்குத் தென்படாத எதையும் இனி ‘இல்லை’ என்று எழுதமாட்டேன். ‘நான் காணவில்லை’ என்றே எழுதுவேன்.

இவ்வண்ணம்,
உங்கள் மனைவியின் காக்கா, உங்கள் மச்சான்

இணைப்புகள் (தங்கையிடம் ஒப்படைத்தவை):
1. திருத்திய தாள், மூலப்பிரதி.
2. கிணற்று நீர், சிறு போத்தல் ஒன்று.
3. கரைசலில் தோய்த்து உலர்த்திய வடிதாள். வெறும் கண்ணுக்கு மஞ்சளாகவே தெரியும்.