பத்தரை மணி நேரம்

மாதா துணை

காரைக்கால்

அன்பு மகள் ஆக்சிலியாவுக்கு அப்பா எழுதுவது. மாதா புண்ணியத்தில் நானும் அம்மாவும் நடமாட்டமாக இருக்கிறோம், பாரீஸ் குளிரில் நீயும் மருமகனும் பாப்பாவும் எப்படி இருக்கிறீர்களோ என்பதே இங்கே நினைப்பு. போனில் பேசினால் சண்டையாகிவிடும் என்றுதான் காகிதத்தில் எழுதுகிறேன். பாப்பாவுக்கு இரண்டு வயது ஆகட்டும், இப்போது அவ்வளவு நேரம் விமானத்தில் தாங்கமாட்டாள் என்றாய், நானும் சரி என்றேன். கிறிஸ்துமஸ் அன்று பார்த்தால் உன் மாமனார் குடியேறிய ரெயூனியன் தீவிலிருந்து போட்டோ வருகிறது, சம்பந்தி அகஸ்டின் மடியில் பாப்பா தூங்குகிறாள், அவருடைய தொப்பி அவள் தலையில். அம்மா சிரிக்கிறாள், எனக்கு அன்றைக்குப் பிரியாணி இறங்கவில்லை. கீழவாஞ்சூர் துறைமுகத்திலிருந்து பன்னிரண்டு வருஷம் நிலக்கரி லாரி ஓட்டியவன் நான், எத்தனை மணி நேரப் பயணம் என்று தெரியாமல் எனக்குத் தூக்கம் வராது. மறுநாளே பட்டினத்தில் டிக்கெட் கடை வைத்திருக்கும் மெஹர் பானுவிடம் போய்க் கேட்டேன். கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு, "அண்ணே, பாரீஸ்லேர்ந்து அந்தத் தீவுக்குப் பதினோரு மணி நேரம், நம்ம சென்னைக்கு நேரா வந்தா பத்தரைதான்" என்றது அந்தப் பெண். அரை மணி நேரம் நாங்கள்தான் கிட்டே இருக்கிறோம், தெரியுமா உனக்கு? சென்னையிலிருந்து காரில் ஏழு மணி நேரம் இருக்கிறதே என்பாய், அதற்குத்தானே நான் இருக்கிறேன், பாப்பா கண் விழிக்காமல் பள்ளம் பார்த்து ஓட்டிக்கொண்டு வந்திருப்பேன்.

போன மாதம் ஒரு ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் சம்பந்தி போன் செய்தார். வெளியே, குரும்பகரம் வரை போயிருக்கிறேன் என்று சொல்லச் சொல்லி அம்மாவிடம் கையைக் காட்டினேன். அவளோ, "இங்கதான் உக்காந்திருக்காங்க, பேசுங்க" என்று போனை என் கையில் திணித்துவிட்டாள். வெட்கமாகப் போய்விட்டது. அவர் எடுத்த எடுப்பிலேயே, "புள்ளைங்க கெளம்பி நாலு நாளாச்சு சம்பந்தி, வீடே வெறிச்சுன்னு கெடக்கு. இருந்த பன்னண்டு நாளும் ஒங்க மவளுக்கு எங்கப்பா எங்கப்பான்னு ஒங்க பேச்சுதான், எனக்குப் பொறாமையாவே இருந்துச்சு" என்றார். எனக்கும் அப்படித்தான் என்று சொல்ல வாய் வரை வந்தது, சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேட்டேன். போனை வைத்த பிறகு முகம் கழுவப் போகிறவன்போல் கொல்லைப்பக்கம் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன்.

ஆனாலும் அந்தப் போட்டோவை இன்னும் என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. அதனால் ஒரு காரியம் செய்தேன். தபால் ஆபீஸில் எழுதிக் கொடுத்து எனக்கும் அம்மாவுக்கும் பாஸ்போர்ட் எடுத்துவிட்டேன், நேற்றுதான் கைக்கு வந்தது. விசாவுக்கு வேண்டிய கடிதத்தை மருமகனை அனுப்பச் சொல், மறந்துவிடாதே. மே மாதம் வருகிறோம். சம்பந்தியிடம் இப்போதைக்குச் சொல்லவேண்டாம். முதல் ஒரு வாரம் பாப்பா என்னிடம் மட்டும் இருக்கட்டும், அப்புறம் அவரையும் கூப்பிடு, பாவம், அவருக்கும் பதினோரு மணி நேரம்தானே.

குளிரில் தலையை மூடாமல் வெளியே போகாதே. உங்கள் மூவரையும் ஆண்டவர் கைவிடாமல் காக்கட்டும்.

பாப்பாவுக்கு முத்தங்களுடன்,
உன் அப்பா,
அடைக்கலராஜ்