வெட்டு மெஷினின் பேச்சு

உன் பட்டறை ஜன்னலில் அந்த சி.டி. இன்னும் தொங்குகிறது. ஞாயிறு காலை நான் நுழைந்ததும் அதன் வெளிச்சம் கண்ணில் அடித்தது. பைத்துணி வெட்டும் மெஷினோடு வந்த டிரைவர் சி.டி. அதைப் புறா விரட்டக் கட்டியவன் நீ. "கம்ப்யூட்டர்ல ஒருக்கா ஏத்தியாச்சுல்லா? இனி இதுக்கு என்னலே வேலை?" என்றாய்.

நீ கண்ணை மூடிய ஆறாம் மாதம் அந்தக் கம்ப்யூட்டரும் போனது. உன் மனைவி, எனக்கு மதினி, புதிது வாங்கினார். மெஷினைச் செருகினால் அது யாரென்றே புதுசுக்குத் தெரியவில்லை. சி.டி. வெயிலில் பாழ், நன்றாக இருந்தாலும் பழைய விண்டோஸுக்குத்தான் ஆகும். கம்பெனிக்குப் பேசினேன். அந்த மாடலை நிறுத்திவிட்டார்களாம், புதிய மெஷின் வாங்க வேண்டுமாம்.

"பள்ளிக்கூடம் தொறக்கதுக்குள்ள இருநூறு பை குடுக்கணும் தம்பி. கையால வெட்டி முடியாது. மெஷினப் பங்கார் கடையில பழைய இரும்பா எடைக்குப் போட்டுரவா?" என்று மதினி கேட்டார்.

"சும்மா இருங்க மதினி" என்றேன்.

நம் பழைய சண்டை ஞாபகம் வந்தது. பெண்டிரைவை ஆட்டிக்கொண்டு கேட்டாய்: "இது எங்க செருகினாலும் ஓடுது. தாராவியில தமிழன், மராட்டி, பீகாரி எல்லாரும் இந்தியில சமாளிக்கோம். மெஷினுக்குன்னு ஒரு இந்தி கெடையாதாலே?"

"பெண்டிரைவுக்கு இருக்கு, கீபோர்டுக்கும் இருக்கு. கம்பெனிக்காரன் எல்லாம் உக்காந்து ஒத்துக்கிட்டான். அதுக செய்யிற வேலையும் ஒண்ணுதான். வெட்டு மெஷின்காரன் ஒத்துக்கல. ஒவ்வொருத்தனும் ஒரு பாஷை வச்சிருக்கான், அதையும் வெளிய சொல்ல மாட்டான். அவன் குடுக்கிற டிரைவர்தான் மொழிபெயர்ப்பாளன். அவன் கைவிட்டா மெஷின் ஊமை" என்றேன்.

"அப்ப நாமளே அது பேச்சக் கத்துக்கிட வேண்டியதுதான்" என்றாய். நான் சிரித்தேன்.

சிரித்திருக்கக் கூடாது. கரண்ட் போனால் மறுபடி வரைய வேண்டுமே என்று, கம்ப்யூட்டர் மெஷினுக்கு அனுப்பும் கட்டளைகளை அப்படியே ஃபைலாக அந்தப் பெண்டிரைவில் போட்டு வைப்பாய். ஒவ்வொரு டிசைனையும் முதலில் பழைய பேப்பரில் வெட்டி, ஃபைல் பெயரை எழுதி ஆணியில் குத்துவாய். "குப்பை சேர்க்காதே" என்று கத்தியிருக்கிறேன்.

அந்தக் குப்பையைத்தான் தரையில் பரப்பினேன். ஒரு பக்கம் ஃபைல், ஒரு பக்கம் வெட்டிய பேப்பர். எந்தக் கட்டளைக்கு எந்த வெட்டு என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். சதுரத்தில் நான்கு கோடு, ஃபைலில் நான்கு கட்டளை. கத்தி இறங்க ஒன்று, ஏற ஒன்று. திங்கள் என் சாஃப்ட்வேர் வேலைக்கு லீவு போட்டேன். டோம்பிவிலியில் இருக்கும் என் வீட்டுக்குப் போகாமல் அங்கேயே உட்கார்ந்து டிரைவர் எழுதினேன்.

முதல் வெட்டு இடவலம் மாறி வந்தது. "கண்ணாடியில பாத்த மாதிரில்லா இருக்கு!" என்று மதினி சிரித்தார். நான் விட்டது ஒரு கழித்தல் குறி. திருத்தினேன். அடுத்தது ஸ்கூல் பையின் மேல்மடி, அச்சு அசலாக, நீ ஆணியில் குத்தியிருந்த பேப்பரின் மேல் வைத்தால் நூலளவு பிசகவில்லை. மதினி இரண்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு துணிக்கட்டை அவிழ்த்தார்.

இருநூறு பையும் போய்ச் சேர்ந்தது. அதே மெஷின் வைத்திருக்கும் இரண்டு பட்டறைக்காரர்கள் டிரைவரைக் கேட்டார்கள், கொடுத்தேன். எந்தக் கம்ப்யூட்டர் மாறினாலும் இனி நானே மாற்றி எழுதுவேன்.

உன் பெண்டிரைவ் என் சாவிக்கொத்தில் இருக்கிறது. மெஷினுக்குன்னு ஒரு இந்தி இன்றும் கிடையாதுதான். ஆனால் உன் மெஷின் பேசுவது எனக்குப் புரியும்லே.