அவர் எடக்கைக்காரர் இல்லை, அம்மா

என்னைப் பெற்று, என் பொய்யையும் சேர்த்துச் சுமந்த அம்மாவுக்கு,

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. எழுத்துக் கூட்டத் தெரியாத எனக்கா கடிதம் எழுதுகிறாய் என்று சிரிக்காதே. நீ இருந்தபோது வாயால் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டவளுக்கு இது ஒன்றுதான் மிச்சம். வேறு யாராவது படித்தால் படிக்கட்டும். படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். போன சனிக்கிழமை எங்கள் அரியலூர் நூலகத்துக்கு அந்தப் படம் வந்தது. அமெரிக்காவில் கறுப்பு மக்களுக்குச் சம உரிமை கேட்டு ஊர்வலம் போய், கடைசியில் சுடப்பட்டுச் செத்துப்போனாரே, அந்தத் தலைவரைப் பற்றிய படம். எமர்ஜென்சி முடிந்த வருஷம் பெரம்பலூர் நூலகத்தில் நாம் இரண்டு பேரும் பார்த்த அதே படம். ஆளுக்கொரு பக்கமாகப் பார்த்த படம்.

அன்று நூலக வாசலைப் பெருக்கியது நீதான். தினமும் விடிந்ததும் ஊரிலிருந்து பஸ்ஸில் வந்து நூலகத்தைக் கூட்டிவிட்டு, அதன் பிறகு கடலைக்காட்டுக்குக் களை வெட்டப் போவாய். சாயங்காலம் வேனில் வந்தவர்கள் இரண்டு வேப்பமரத்துக்கு நடுவே வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். துணிக்கு முன்னால் ஊர்க்காரர்கள் உட்கார்ந்தார்கள்; பின்னால் சேரியிலிருந்து வந்த நம்மவர்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லாத அளவுக்கு எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. மெல்லிய துணிதானே, பின்னாலிருந்தும் படம் தெரியும். இடமும் வலமும் மாறித் தெரியும், அவ்வளவுதான்.

நான் மட்டும் முன்பக்கம். படத்தில் பேச்செல்லாம் இங்கிலீஷ் என்பதால், தாளில் எழுதிய தமிழை மைக்கில் படிக்க நூலகர் ஒன்பதாம் வகுப்பிலிருந்து என்னைப் பொறுக்கி எடுத்திருந்தார். நம் ஊர் ரஞ்சன்குடிப் பக்கம் என்பதற்கு மேல் கூடப்படிக்கும் பிள்ளைகளிடம் நான் எதுவும் சொன்னதில்லை. வெள்ளைக்காரர்களுக்குத் தனித் தண்ணீர்க் குழாய், கறுப்பர்களுக்குத் தனிக் குழாய் என்று எழுதியிருந்ததைக் கணீரென்று படித்தேன். துணிக்குப் பின்னால் நீ கேட்டுக்கொண்டிருக்கிறாய் என்பது எனக்குத் தெரியும். அதற்காகவே இன்னும் கொஞ்சம் சத்தமாகப் படித்தேன்.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். நீ துணியின் ஓரமாகச் சுற்றி முன்பக்கம் வந்தாய். கையில் சொம்பு. இவ்வளவு நேரம் படித்தவளுக்குத் தொண்டை காய்ந்திருக்குமே என்று உனக்குத் தோன்றியிருக்கிறது. என் பக்கத்தில் கூடப்படிக்கும் சரசு நின்றுகொண்டிருந்தாள்.

"யாருடி அது?" என்றாள்.

"லைப்ரரியில கூட்டுறவங்க" என்றேன்.

பொய் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எவ்வளவு கெட்டிக்காரி பார், உன் மகள். நீ என்னை ஒரு நொடி பார்த்தாய். சொம்பைப் படிக்கட்டில் வைத்தாய்.

"தண்ணி வச்சிருக்கேன் பாப்பா. வேணும்னா குடிங்க."

பெற்ற மகளிடம் யாரோ வீட்டுப் பெண்ணிடம் பேசுவதுபோலப் பேசிவிட்டுத் திரும்பிப் போனாய். நான் குடிக்கவில்லை. தனிக் குழாயைப் பற்றிச் சற்றுமுன் மைக்கில் முழங்கியவள், தாய் கொண்டுவந்த தண்ணீரைத் தொடவில்லை. சொம்பை அப்படியே விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் கூட்டப் போனபோது நீதான் எடுத்து வந்தாய்.

ஊருக்குத் திரும்ப ஒரே பஸ்ஸில்தான் ஏறினோம், நீ பின்வாசல், நான் முன்வாசல். வீட்டுக்கு வந்ததும் திட்டுவாய் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அன்றோடு தீர்ந்திருக்கும். நீயோ களியைக் கிண்டிக்கொண்டே படத்தைப் பற்றி மட்டும் பேசினாய்.

"அந்த அண்ணன் நம்ம மாதிரி எடக்கைக்காரரு புள்ள. பாத்தியா, காயிதத்துல எடக்கையாலதான எழுதுனாரு?"

உனக்கு அவ்வளவு சந்தோஷம். கடையில் இடது கையை நீட்டிவிட்டால் வசவு. களை வெட்டும்போது பக்கத்து நிரைக்காரியின் கையில் இடிக்கிறது என்று உன்னை எப்போதும் ஓரத்து நிரையில்தான் விடுவார்கள். உலகமே கும்பிடும் ஒருவர் உன்னைப் போல என்றால் சும்மாவா? அதன் பிறகு யார் உன் கையைக் குறை சொன்னாலும், "அமெரிக்காவுல ஒரு அண்ணன் இருந்தாரு, தெரியுமா?" என்று ஆரம்பித்துவிடுவாய்.

அவர் வலக்கையால்தான் எழுதினார் அம்மா. நான் முன்னாலிருந்து பார்த்தேன். அதைச் சொன்னால் நீ எந்தப் பக்கம் உட்கார்ந்தாய், நான் எந்தப் பக்கம் உட்கார்ந்தேன் என்ற பேச்சு வரும். பின்னாலேயே அந்தச் சொம்பும் வரும். அதற்குப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். நூலக வேலை கிடைத்து உன்னை அரியலூருக்குக் கூட்டி வந்த பிறகும் கேட்கவில்லை. அன்றைக்கு உனக்கு ரொம்ப வலித்ததா?

ஐப்பசியில் மூச்சு இளைத்துப் படுத்தாய். கடைசி நாள் என் கையால் மூன்று கரண்டித் தண்ணீர் குடித்தாய். முகத்தைத் திருப்பாமல் குடித்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை வேனில் வந்தவர், துணியை எங்கே கட்டுவது என்று கேட்டார். இங்கேயும் வாசலில் இரண்டு மரம் இருக்கிறது. வேண்டாம், சுவரோடு சேர்த்து அடித்துவிடுங்கள் என்றேன். பின்பக்கம் என்று ஒன்று இல்லாமல் போயிற்று. பொழுது சாய்ந்ததும் நம்மவர்கள் வந்தார்கள். எங்கே உட்காருவதென்று தெரியாமல் மரத்தடியிலேயே நின்றார்கள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முன்வரிசையில் நாலு பேர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனார்கள். மற்றவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நகர்ந்தார்கள். படம் ஓடத் தொடங்கியதும் நகர்வதை மறந்துவிட்டார்கள்.

தமிழில் இந்தத் தடவையும் நான்தான் படித்தேன். அவர் எழுதும் இடம் வந்தது. வலக்கைதான். தொண்டை காய்ந்துவிட்டது. சொம்போடு யாரும் வரவில்லை.

சரசு வந்திருந்தாள். இந்த ஊரில்தான் வாக்கப்பட்டிருக்கிறாள். கூட்டம் கலைந்ததும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, அன்றைக்குத் தண்ணீர் கொண்டுவந்தது என் அம்மா என்று சொன்னேன். இத்தனை வருஷம் அடக்கி வைத்திருந்ததைச் சொல்லிவிட்டேன். அவளோ பாயைச் சுருட்டிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னாள்:

"தெரியும்டி. அன்னைக்கே தெரியும். அதே மூக்கு, அதே நடை. நீ சொல்ல வேணாம்னு நெனச்ச, நாங்களும் கேக்கல."

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் நான் உன்னை யாரிடமிருந்து மறைத்தேன்? அவர்கள் கேட்காமல் இருந்தது நல்ல மனசா, வேறு ஏதாவதா? நீ இருந்தால் பட்டென்று சொல்லிவிடுவாய். எனக்குத் தெரியவில்லை.

வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரம்பலூர் போகிறேன். இந்தக் கடிதத்தை அந்த நூலகத்துப் பலகையில் ஒட்டக் கேட்டேன்; சரி என்றிருக்கிறார்கள். சிறுவாச்சூர் ஆத்தா மேல் சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் வாசலைப் பெருக்குவேன். பிறகு, நீ வைத்துவிட்டுப் போன அந்தப் படிக்கட்டில் உட்கார்ந்து, உன் சொம்பை எடக்கையால் தூக்கி, எல்லோரும் பார்க்கக் குடிப்பேன். யாரம்மா நீ என்று யாராவது கேட்டால், கீழே எழுதியிருப்பதைத்தான் சொல்வேன்.

இந்த நூலகத்தைக் கூட்டிய செல்லம்மாவின் மகள்,
ராசாத்தி