கட்டிப்போட்ட சீட்டு

ஆகஸ்ட் 24

துர்ஹான் ரயில் சீட்டும் வாங்கிவிட்டானாம்.

விமானத்துக்கு மட்டும் எடு, ரயிலை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று மகனிடம் ஜூன் மாதமே சொல்லிவிட்டுத்தான் துருக்கிக்கு, என் ஊருக்கு வந்தேன். இன்று மொட்டை மாடியில் மிளகாய் விழுதை வெயிலில் பரப்பிக்கொண்டிருக்கும்போது ஜெர்மனியிலிருந்து போன். "அம்மா, எல்லாம் முடிச்சிட்டேன். நீ ஏறி உக்காந்தா போதும்." ஏறி உட்கார்ந்தால் போதுமாம். நான் என்ன மூட்டையா?

செப்டம்பர் 7. விமானம் ஒன்று பத்துக்கு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கும். ரயில் இரண்டு இருபத்தைந்துக்கு. விரைவு வண்டி, நேராக நாங்கள் குடியிருக்கும் கஸ்ஸல். மலிவுச் சீட்டு. அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும். தவறவிட்டு அடுத்ததில் ஏறினால் சீட்டில்லாமல் ஏறியவள் ஆகிவிடுவேன். கட்டிப்போட்ட சீட்டு என்று நான் சொல்வது இதைத்தான். ஆட்டை முளையில் கட்டுவது போல. கயிறு எட்டும் வரைதான் புல்.

கஸ்ஸல் பணிமனையில் இருபத்திரண்டு வருஷம் ரயில் பெட்டி கழுவியவள் நான். எந்த மாதிரிப் பெட்டியில் எந்தக் கதவு ஒட்டிக்கொள்ளும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எனக்கு ரயில் சொல்லித் தருகிறான். ஐந்தாவது வரைதான் படித்தேன், சரி. அந்த ஐந்து வருஷத்தில் மணி பார்க்கவும் கழித்தல் போடவும் சொல்லித் தந்தார்கள்.

ஆகஸ்ட் 25

கோபம் போகவில்லை. விழுதில் உப்பு கூடிப்போயிற்று.

ஆகஸ்ட் 29

நானே போன் போட்டேன். பொறுமையாகத்தான் ஆரம்பித்தேன்.

"ஒண்ணேகால் மணி நேரம் போதாதுடா."

"எனக்கு இருபது நிமிஷத்துல முடிஞ்சிரும்மா. பெட்டி வர அரை மணி. தாராளம்."

எனக்கு என்றான். அவனுக்கு இருபது நிமிஷம்தான். அவன் கையில் இருப்பது ஜெர்மன் கடவுச்சீட்டு, அவன் வரிசையில் கண்ணாடிக் கதவு தானாகத் திறக்கும். நான் வைத்திருப்பது துருக்கிக் கடவுச்சீட்டு. பழையதைக் கொடுத்தால்தான் ஜெர்மன் கடவுச்சீட்டு தருவோம் என்று அந்தக் காலத்தில் சொன்னார்கள். நான் கொடுக்கவில்லை. அதனால் நிற்பது எல்லா நாட்டுக்காரர்களும் நிற்கிற வரிசையில். நாலு விமானம் சேர்ந்து இறங்கினால் அது மலைப்பாம்பு. என் வரிசை வேறடா என்றேன். அதெல்லாம் இப்போது வேகமாகப் போகிறது என்கிறான். எவன் சொன்னான் இவனுக்கு?

நான் எப்போதும் வெளியே வந்த பிறகுதான் சீட்டு எடுப்பேன். ஹெஸ்ஸன் மாநிலத்து நாள் சீட்டு. மெதுவண்டிதான், ஆனால் அன்றைக்கு எந்த மெதுவண்டியிலும் ஏறலாம், ஒரே சீட்டில் ஐந்து பேர் போகலாம். மெஷின் பக்கத்தில் நின்று, நம் விமானத்தில் வந்தவர்களில் வடக்கே போகிறவர் யார் என்று கேட்டு, ஐந்து பேர் சேர்ந்ததும் பொத்தானை அழுத்துவேன். பணிமனையில் வேலை பார்த்த எங்கள் எல்லோருக்கும் இதுதான் வழக்கம். அவனுக்கு அது வெட்கம். "பிச்சைக்காரங்க மாதிரி ஸ்டேஷன்ல ஆள் பிடிக்காதம்மா." ஆள் பிடிக்கிறேனாம். அதே சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவன்தானே நீ!

போன வருஷம் அப்படி வரும்போது போன் செத்துப்போயிற்று. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தேன். அதற்குள் போலீஸுக்குச் சொல்லிவிட்டான். அதை இன்றும் எடுத்தான். இந்தத் தடவை சொன்ன வண்டியில் வராவிட்டால் இனிமேல் தனியாக ஊருக்குப் போவதே கிடையாதாம். "நான் லீவு போடுற பத்து நாள். என்கூட வா, என்கூடத் திரும்பு."

எனக்கு வருஷத்தில் இந்த மூன்று மாதம்தான் என்னுடையது. அதைப் பத்து நாளாக நறுக்கப் பார்க்கிறான்.

செப்டம்பர் 6

பெட்டி கட்டியாயிற்று. மிளகாய் விழுது ஒரு டின், காய்ந்த கத்தரிக்காய்ச் சரம் நாலு. ஓடமாட்டேன். அறுபத்தொன்பது வயதில் ஒரு சீட்டுக்காக நான் ஓடமாட்டேன்.

செப்டம்பர் 7, ரயிலில்

கீஸன் தாண்டிவிட்டது. வண்டி ஆடுகிறது, எழுத்தும் ஆடுகிறது.

விமானம் நேரத்துக்கு இறங்கியது. அதனால் யார் மேலும் பழி போட முடியாது. வரிசைக்கு வந்தபோது ஒன்று முப்பத்தைந்து. என் முன்னால் முந்நூறு தலையாவது இருக்கும். அந்தப் பக்கம் துர்ஹானுடைய வரிசை, ஆளே இல்லை. இரண்டு மணிக்கு நான் மூன்றாவது வளைவில் இருந்தேன். போன் அடித்தது. அங்கே பேசக்கூடாது என்று படம் போட்டிருக்கிறார்கள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. இரண்டு இருபத்தைந்துக்கு மணியைப் பார்த்தேன். போய்விட்டது என் வண்டி. கீழே எங்கோ, என் இருக்கையைக் காலியாகச் சுமந்துகொண்டு.

முன்னால் நின்ற கிழவர் திரும்பிப் பார்த்தார். ஹைதர் என்று பெயர், அவரும் கஸ்ஸல்தான்.

"அக்கா, உனக்கும் இரண்டு இருபத்தஞ்சா?"

"மகன் வாங்கினது."

"எனக்கு மகள். இருபது நிமிஷம் போதும்னாளா?"

"அதே இருபது நிமிஷம்."

பின்னால் நின்ற கீஸன்காரிக்கும் மருமகன் வாங்கிக் கொடுத்த சீட்டு. கூட வயசான தாயார். எங்கள் மூவர் கையிலும் செத்த சீட்டு. வாங்கிக் கொடுத்த மூன்று பேரும் ஜெர்மன் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள். சிரிப்பு வரவேண்டிய இடம். எனக்கு வயிறுதான் எரிந்தது.

வெளியே வந்து அவனுக்குப் போன் போட்டேன். வண்டி போய்விட்டது, மெதுவண்டியில் வருகிறேன் என்றேன். "அங்கேயே இரு, நகராதே, கார் எடுத்துட்டு வரேன்." நகராதேயாம். இங்கேயும் ஒரு முளை. வராதே என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மெஷின் முன்னால் போய் நின்றேன். கிழவர், கீஸன்காரி, அவள் தாயார், நான். நாலு. மார்பூர்க்கில் படிக்கிற பெண்ணொருத்தி வரைபடத்தைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தாள். வாடியம்மா, ஐந்தாவது நீதான் என்றேன். என் பெட்டியைத் தூக்கிப் பார்த்து கிழவர், "உள்ள செங்கல்லா அக்கா?" என்றார். மிளகாய் விழுது, மகனுக்கு, என்றேன். "அவனுக்கா? இன்னிக்கா?" என்றார். அப்போதுதான் கொஞ்சம் சிரித்தேன்.

மார்பூர்க் வருகிறது. பெண் இறங்குகிறாள்.

செப்டம்பர் 8

கஸ்ஸல் நடைமேடையில் நின்றுகொண்டிருந்தான். எத்தனை வண்டி பார்த்தானோ. முகம் சுண்ணாம்பாக இருந்தது. ஹைதர் கிழவர் விழுது டின் இருந்த என் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் இறங்கினார். துர்ஹான் அவருக்கு நன்றி சொன்னான். என்னிடம் காரில்தான் ஆரம்பித்தான்.

"பாத்தியா? நான் சொன்னேனா இல்லையா? வேகமா நடக்கணும்னு."

"நீ அந்த வரிசையில நின்னிருக்கியாடா? ஒரு தரமாவது?"

"அதுக்குத்தான் நீயும் ஜெர்மன் எடுன்னு இத்தனை வருஷமா கத்துறேன்."

பார்த்தீர்களா, தப்பு என் கடவுச்சீட்டிலாம். நேரத்தைத் தப்பாகப் போட்டவன் இவன், மாற வேண்டியவள் நான். இனிமேல் தனியாகப் போவது கிடையாது, முடிவு என்றான். எவன் முடிவு? கதவைச் சாத்தினேன். கார் கதவு. கொஞ்சம் பலமாகத்தான்.

டின்னைக் கொடுக்கவில்லை.

செப்டம்பர் 19

பேசவில்லை. மருமகள் வந்து டின்னை வாங்கிக்கொண்டு போனாள். அவளுக்காகக் கொடுத்தேன்.

அக்டோபர் 23

ஊர் நிலத்துப் பத்திரத்தில் நாங்கள் இருவரும் நேரில் கையெழுத்துப் போட வேண்டுமாம். நவம்பரில் நாலு நாள், சேர்ந்து போகிறோம். திரும்பி வருவதற்கு இரண்டு ரயில் சீட்டும் எடுத்துவிட்டான். அதே இரண்டு இருபத்தைந்து வண்டிக்கு, கட்டிப்போட்ட சீட்டுதான். இறங்கி ஒன்றேகால் மணி நேரம். "நான் கூட இருக்கேன்ல, எப்படிப் பிடிக்கிறதுன்னு காட்டுறேன்."

காட்டட்டும்.

நவம்பர் 18

ஃபிராங்க்ஃபர்ட்டில் இறங்கி, வரிசை பிரிகிற இடம் வந்தது. அவன் பக்கம் காலி. என் பக்கம் செப்டம்பரைவிட நீளம். "நீ அந்தப் பக்கமா வா, பெட்டி வர்ற இடத்துல பாப்போம்" என்றான். போ என்றேன். நாலு எட்டு வைத்தான். திரும்பிப் பார்த்தான். நான் கடைசியில் போய் நின்றுகொண்டிருந்தேன். மணியைப் பார்த்தான், வரிசையைப் பார்த்தான், கயிற்றுக்கு அடியில் குனிந்து என் பின்னால் வந்து நின்றான்.

முதல் வளைவில் இன்னும் நேரமிருக்கிறது என்றான். இரண்டாவது வளைவில் எட்டி எட்டி, முன்னால் எத்தனை தலை என்று எண்ணினான். மூன்றாவதில் என் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டான். எப்போதும் இப்படியா என்று கேட்டான். ம் என்றேன். சில தடவை உட்கார இடம்கூடத் தேடியிருக்கிறேன் என்று சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அல்லாவுக்குத்தான் தெரியும். இரண்டு இருபத்தைந்துக்குப் போனை எடுத்துப் பார்த்துவிட்டுச் சட்டைப்பையில் போட்டான்.

மேஜைக்கு வந்தபோது அதிகாரி அவன் கடவுச்சீட்டைப் பார்த்து, உங்கள் வரிசை அது அல்லவா என்றார்.

"அம்மாகூட வந்திருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னான்.

கோபம் அப்போதும் இறங்கவில்லை. நாற்பத்தாறு வயது வரை ஒருதரம் வந்து நிற்கத் தோன்றவில்லையே இவனுக்கு என்று புதிதாக ஒன்று கிளம்பியது.

மெஷினுக்கு வந்தோம். நாங்கள் இரண்டு பேர்தான். நான் பொத்தானை அழுத்தக் கையைத் தூக்கினேன். இரும்மா என்றான். தூண் பக்கத்தில் கயிறு கட்டிய பெட்டியோடு ஒரு கிழவி நின்றுகொண்டிருந்தாள். அவளிடம் போனான். காதெல்லாம் சிவந்திருந்தது. வாய்க்குள்ளேயே கேட்டான்.

"பெரியம்மா, நீங்க கஸ்ஸல் பக்கமா?"

கிழவிக்குக் கேட்கவில்லை.

"சத்தமா கேளுடா," என்றேன்.

மார்ச் 11

ஜூனுக்கு விமானச் சீட்டு வந்துவிட்டது. போக ஜூன் 5, வர செப்டம்பர் 4. ஒரு ஆளுக்குத்தான். ரயிலைப் பற்றித் துர்ஹான் ஒன்றும் கேட்கவில்லை. போன் செத்துப்போகாமல் இருக்க மட்டும் பவர் பேங்க் ஒன்று வாங்கி மேஜையில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். செங்கல் மாதிரி கனக்கிறது.